கழகத்தில் இருந்து விலகினேன்

நோர்பரி
12.3.1989

அன்பு தவநேசனுக்கு,

மூண்டு வருசமா எழுத நினைச்சுத் தள்ளிப்போட்டன்.

எங்கட கல்லூரிக் கழகத்தில சேர உன்னைக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். புதுசாச் சேருறவையை மேசையில ஏத்திப் பகிடி பண்ணுறது அங்க வழக்கம். உன்னையும் ஏத்தினவை. நீ இங்கிலீஷ் கதைக்கிற மாதிரிக் கதைச்சுக் காட்டச் சொல்லி அந்த வெள்ளைக்காரப் பொடியள் என்னைக் கேட்டினம். நான் காட்டினன். எல்லாரும் சிரிச்சினம். நீ இறங்கி வாசலில நிண்டு, "வா, போவம்" எண்டாய். நான் வரேல்லை.

போன மாசம் அப்பா செத்திட்டார். சொந்தக்காரரில அரைவாசிப் பேர் வரேல்லை. கழகப் பொடியள் பதினொரு பேரும் வந்து சவப்பெட்டியைத் தூக்கினவை. அவையின்ர தோளில சாய்ஞ்சுதான் அழுதன். அழேக்க, அண்டைக்கு நீ வாசலில தனிய நிண்டது நினைவில வந்தது.

நேற்று, கழகத்தில இருந்து விலகுறன் எண்டு எழுதிக் குடுத்தன்.

"ஏன்?" எண்டு கேட்டினம்.

உன்ர பேரைச் சொன்னன். உன்னை ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை.

அப்பவும் அவையை வெறுக்க எனக்கு ஏலாமல் கிடக்கு. அதை உனக்கு மறைச்சுப்போட்டு மன்னிப்புக் கேட்டால், அந்த மன்னிப்பும் பொய்யாப் போயிடும்.

வாற ஞாயிற்றுக்கிழமை பஸ் எடுத்து எட்மண்டனுக்கு, உன்ர வீட்டுக்கு வாறன். கதவைத் திறக்கிறது உன்ர விருப்பம்.

இப்படிக்கு,
அண்டைக்கு உன்னோட வராதவன்