நாலு சில்லும் இழுக்கும்

ரண்டர்ஸ்,
20.01.1986

என் அன்புத் தம்பி நிக்கலஸ் அறிவது,

உனக்கும் எமிலியாவுக்கும் ஆண்டவருடைய சமாதானம் உண்டாகட்டும். நாங்கள் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

வருகிற சனிக்கிழமை எமிலியாவையும் ஏற்றிக்கொண்டு புது ஜீப்பில் அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து வெளிக்கிடுவதாக நேற்று அத்தானிடம் டெலிபோனில் சொன்னாயாம். அவர் "வரட்டும், வரட்டும்" என்று சிரித்துக்கொண்டு ரிசீவரை வைத்தார். எனக்கு அந்த நேரத்திலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. சோற்றுக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன். பிள்ளைப்பேற்றுக்கு எமிலியா இங்கே வரட்டும், அம்மா இல்லாத குறையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னது நான்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எட்டு மாத வயிற்றோடு அவளை அந்த ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, இந்தப் பனியில், இவ்வளவு தூரம் வா என்று நான் சொல்லவே இல்லை.

டயரைப் பற்றி நீ பெருமையாகக் கதைத்ததையும் அத்தான் சொன்னார். அகலமான டயராம், உழவு மெசின் டயரைப்போல ஆழமான வெட்டாம், "நாலு சில்லும் இழுக்கும், பனி என்ன செய்யும்" என்றாயாம். இழுக்கிறதைப் பற்றி யாரடா பயப்பட்டது? நிற்கிறதைப் பற்றித்தான் பயம். ஜீப் என்றாலும் பிரேக் பிடிக்கும்போது எல்லாக் காரும் ஒன்றுதான்.

இதை நான் என் தலையிலிருந்து எழுதவில்லை. மீன் வாங்கப் போகிறேன் என்று அத்தானிடம் பொய் சொல்லிவிட்டு இன்று காலை பஸ் ஏறி டயர்க் கடைக்குப் போனேன். கடைக்கார மனுஷன் "பிக்டெக்" என்றான். எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் பிக் என்றால் பன்றி. நான் முழித்ததைப் பார்த்து ஒரு கடதாசியில் ஆணியைக் கீறிக் காட்டினான். டேனிஷில் பிக் என்றால் ஆணியாம், ஆணி வைத்த டயராம். அது இல்லாவிட்டால் குளிர்கால டயராவது வேண்டுமாம். அந்த ரப்பர் குளிரிலும் இளக்கமாக இருக்குமாம். நீ வாங்கியதைப்போன்ற சேற்று டயர் குளிரில் மரக்கட்டையாகிவிடும் என்றான். அகலமும் கூடாதாம். ஒடுங்கிய டயர்தான் பனியை வெட்டிக்கொண்டு தரையைப் பிடிக்கும், அகலமானது பனிக்கு மேலே மிதக்கும் என்றான். முன்னுக்கு இரண்டு மட்டும் மாற்றிவிட்டு ஓடுகிற கெட்டித்தனமும் வேண்டாம், நாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமாம்.

இன்னொன்றையும் கேட்டேன். டயரில் காற்றை இறக்கிவிட்டுப் பனியில் ஓட்டலாமா என்று. அவன் என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். காற்றுக் குறைந்த டயர் வளைவில் சுக்கான் சொல்வதைக் கேட்காது என்றான்.

தலைமன்னார் மணலில் அது சரிதான். காற்றை இறக்கினால் டயர் பரந்து மணலில் புதையாமல் ஓடும், மன்னார்ச் சாரதிமார் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. பனியும் வெள்ளை மணல்தானே என்று நீ நினைத்திருக்கிறாய். புது வருஷத்துக்கு எடுத்த டெலிபோனில் அத்தானுக்கும் அதைத்தான் சொன்னாய். "காத்தை இறக்கிப்போட்டு ஓடிப் பாருங்கோ அத்தான், பிறகு எனக்குச் சொல்லுங்கோ" என்றாய்.

அவர் ஓடிப் பார்த்தார். மூன்றாம் திகதி காலை வேலைக்குப் போகும்போது ஆற்றுப் பாலத்து வளைவில் கார் திரும்பவில்லை. நேரே போய் மரத்தில் மோதியது. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. தடிமன் காய்ச்சல், அதுதான் லீவில் நிற்கிறார் என்று உனக்குச் சொன்னதெல்லாம் பொய். முன் அறையில் கட்டில் போட்டு, மாவுக்கட்டோடு படுத்திருக்கிறார். டெலிபோன் அவருடைய தலைமாட்டில் இருப்பதால்தான் நான் கடிதம் எழுதுகிறேன். பழையபடி நடக்கலாமா என்று டொக்டர்மார் இன்னும் வாய் திறக்கவில்லை.

"அவன்ர மனசு உடைஞ்சுபோகும், சொல்லாதையும்" என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். இன்று அந்தச் சத்தியத்தை முறிக்கிறேன். ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும்.

அவர் உன்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். ஆஸ்பத்திரி வாசலில் தனியே நின்று, என் தம்பி என்றும் பாராமல், இங்கே இல்லாத உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். நீ டெலிபோன் எடுத்தால் குசினிக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிடுவேன். மச்சாளுக்கு எங்களோடு கோபமா என்று எமிலியா அத்தானிடம் கேட்டாளாம். ஓம், கோபம்தான். அவளோடு இல்லை, பாவம். உன்னோடு.

நீ கெட்டது நினைத்துச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் போகவில்லை. ஆனால் நேற்றிலிருந்து அந்தக் கோபத்தை விடப் பயம் பெரிதாகிவிட்டது. ஜன்னலால் பார்க்கிறேன், பனி இன்னும் கொட்டிக்கொண்டேயிருக்கிறது.

நிக்கலஸ், ஜீப்பை வீட்டில் விட்டுவிட்டு ரயிலில் வா. ரயிலே கப்பலுக்குள் ஏறிக் கடலைக் கடக்கும், எமிலியா காலை நீட்டிக்கொண்டு இருக்கலாம். டயரைப் பற்றி இவ்வளவு எழுதினேனே என்று, நாலு புது டயரைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டுவிடாதே. உன் புத்தி எனக்குத் தெரியும். அது அடுத்த குளிர்காலத்துக்கு.

வந்ததும் கோட்டைக் கழற்றுவதற்கு முன் அத்தானிடம் போ. அவர் பகிடி விடுவார். உனக்கு அழுகை வந்தால் அழு. என்னிடம் மட்டும் மன்னிப்புக் கேட்காதே. கேட்டால் கொடுத்துவிடுவேன், எனக்கு இன்னும் கொஞ்ச நாள் உன்னோடு கோபமாக இருக்க வேண்டும். அதற்கு நீ முழு ஆளாக என் முன்னால் வந்து நிற்க வேண்டும்.

மடு மாதா உங்கள் மூன்று பேரையும் கையில் பிடித்துக் கூட்டிவரட்டும்.

உன் அக்கா,
கத்தரீனா