கம்பி என்னிடம், துணி உன்னிடம்

எப்போதும் எனக்குப் பின்னாலேயே நடந்துவந்த என் ஸ்டெல்லாக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க வாய் வருகிறது. கேட்டு என்ன ஆகப்போகிறது? நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீ என்னை ஏமாற்றிவிட்டாய். ஒன்பது வருஷமாக ஏமாற்றியிருக்கிறாய். இன்றைக்குப் பகல் பன்னிரண்டு மணிக்கு, ஒரு கடையில், முன்பின் தெரியாத ஒரு மனிதர் முன்னால் அது எனக்குத் தெரியவந்தது. இப்போது மணி மூன்று, வந்த வேகத்திலேயே எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் டீச்சர் புத்தியில் திருத்த உட்காராதே.

ஜனவரியில் உத்தராகண்ட் பனிமலைக்குப் போக நாம் இரண்டு பேரும் பெயர் கொடுத்திருந்தோம் அல்லவா? நீ போன பிறகு என் பெயரையும் எடுத்துவிடத்தான் இருந்தேன். திங்கட்கிழமை காய்ச்சல் என்று ஸ்கூலுக்கு லீவு சொன்னவள் வியாழக்கிழமை இல்லை. டெங்கு என்றார்கள். மாமா போன் செய்தபோது நான் ஆபீசில் யாருடைய இன்சூரன்ஸ் பாரத்தையோ பார்த்துக்கொண்டிருந்தேன். "ஸ்டெல்லா போயிட்டாம்மா" என்றார். "எந்த ஸ்டெல்லா?" என்று கேட்டேன். உன் புருஷனிடமே அப்படிக் கேட்டேன்.

போன மாதம் மலைக்கு அழைத்துப்போகிறவர்களிடமிருந்து ஒரு பட்டியல் வந்தது. எந்தக் கூடாரத்தில் யார் யார் என்று போட்டிருந்தது. என் பெயருக்குப் பக்கத்தில், உன் பெயர் இருந்த இடத்தில், புனேக்காரி ஒருத்தியின் பெயர். அவள் என்ன பாவம் செய்தாள்? ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. நீ படுக்கிற இடது பக்கத்தில் யாரோ ஒருத்தி படுப்பாளா? உடனே போன் போட்டு, நான் தனிக் கூடாரம் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சரி, ஆனால் பனியும் காற்றும் தாங்குகிற, நாலு சீசனுக்குமான கூடாரமாக இருக்க வேண்டும், கோவேறு கழுதையில் ஏற்ற மாட்டோம், நீங்களேதான் சுமக்க வேண்டும் என்றார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஒன்பது வருஷமாகப் பாதிக் கூடாரம் சுமந்தவள் நான், என் முதுகைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம் என்றேன். என் திமிர் உனக்குத் தெரியாததா!

பாதிக் கூடாரம். நம் ஏற்பாடு அதுதானே? அந்த இரண்டு ஆள் கூடாரத்தின் கம்பியும் ஆணியும் என் பையில். உள்துணி, மேல்துணி, தரைவிரிப்பு மூன்றும் உன் பையில். மலையிறங்கி பஸ்ஸைப் பிடித்து ஊர் வந்ததும் என் பாதி என்னோடு விவேக் நகருக்கு வரும், உன் பாதி உன்னோடு லிங்கராஜபுரத்துக்குப் போகும். நீ இல்லாமல் நானோ நான் இல்லாமல் நீயோ எங்கேயும் போய்விட முடியாது. நல்ல ஏற்பாடு என்று நாமே மெச்சிக்கொள்வோம்.

அதிலும் நான் குறை சொல்லாத நாள் உண்டா? இரும்பையெல்லாம் என் தலையில் கட்டிவிட்டுத் துணியை மட்டும் நீ தூக்கிக்கொண்டு வருகிறாய் என்று ஒவ்வொரு மலை அடிவாரத்திலும் முனகுவேன். நீ சிரிப்பாய். "சரிபாதிதான்டி, கணக்கு டீச்சர் சொல்றேன்" என்பாய். பிறத்தியார் சுமையை நான் தூக்க மாட்டேன், என் சுமையைப் பிறத்தியார் முதுகில் வைக்கவும் மாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவள் நான். அதனால் போனால் போகிறது என்று இரும்பைத் தூக்கிக்கொண்டு நடப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, இப்போது சொல்வதற்கென்ன.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து மாமா என் வீட்டுக்கு வந்தார். உன் பாதியைக் கொண்டுவந்திருந்தார். நான் இதை வைத்துக்கொண்டு என்ன பண்ணுவேன், நீயே வைத்துக்கொள் என்றார். காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டார். அவர் போன பிறகு பையைத் திறந்து பார்த்தேன். துணியை நீ மடித்தது மடித்தபடி இருந்தது. திரும்ப மூடிவிட்டேன்.

இன்றைக்கு இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு இந்திரா நகர் பக்கம் மலையேறுகிற சாமான் விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். கன்னடமும் தமிழும் கலந்து நிதானமாகப் பேசினார். தரையிலேயே மூன்று கூடாரங்களை அடித்துக் காட்டினார். முதலாவது ஆயிரத்து நூறு கிராம்தான். தூக்கினால் தூக்கினதே தெரியவில்லை. உள்பக்கம் வலைத்துணி, காற்று வீசினால் பொடிப்பனி உள்ளே வந்து கொட்டும். "பனிக்கு இது பேடா, வேண்டாம் மேடம்" என்று அதை ஒதுக்கிவிட்டார். இரண்டாவது ஒற்றைத் துணி. ஆயிரத்து ஐந்நூறு கிராம். நாம் விடுகிற மூச்சே உள்ளே வேர்த்துச் சொட்டும், விடிந்தால் படுக்கை நனைந்திருக்கும் என்றார். மூன்றாவதற்கு இரட்டைத் துணி, மேல்துணி தரைவரைக்கும் இறங்குகிறது, கம்பிகள் ஒன்றின் மேல் ஒன்று நாலு இடத்தில் குறுக்கே போகின்றன. பனி விழுந்து மேலே உட்கார்ந்தாலும் தாங்கும் என்றார். ஆனால் இரண்டாயிரத்து முந்நூறு கிராம்.

எனக்கு ஆயிரத்து எழுநூறுதான் அளவு, அதற்கு மேல் வேண்டாம் என்றேன். எப்படி அவ்வளவு சரியாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். பழைய கூடாரம் மூவாயிரத்து நானூறு, அதில் பாதி என் பங்கு என்று சொல்லி, நம் இரண்டு பைகளையும் கல்லா மேசைமேல் வைத்தேன். அவர் சும்மா இருந்திருக்கலாம். கொக்கித் தராசை எடுத்து என் பையை மாட்டினார்.

தொள்ளாயிரத்து நாற்பது.

உன் பையை மாட்டினார். இரண்டாயிரத்து நானூற்று அறுபது.

உங்கள் தராசு கெட்டுப்போயிருக்கிறது என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை மாட்டிக் காட்டினார். சரியாகத்தான் இருந்தது. பைகளை மாற்றி மாற்றி மாட்டச் சொன்னேன். மூன்றாவது தடவையும் அதே எண்கள். அப்புறம் என் கம்பி ஒன்றை எடுத்து அதன் நுனியை என்னிடம் காட்டினார். "அலுமினியம் மேடம். உள்ள வெறும் ஓட்டை. துணிதான் பாரம். நனைஞ்சா இன்னும் ஜாஸ்தி" என்றார்.

நனைந்தால் இன்னும் ஜாஸ்தி. கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்தார். நாம் கடைசியாகப் போன சக்லேஷ்பூர் மலை ஞாபகம் வந்துவிட்டது, அக்கா. ராத்திரி முழுக்க மழை. ஊறிப்போன துணியைச் சுருட்டி உன் பையில் திணித்துக்கொண்டாய். நான் உதறி மடித்த கம்பியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று மேலே போய்விட்டேன். பாறையில் உட்கார்ந்து அரைமணி நேரம் உனக்காகக் கத்தினேன். நீ மூச்சு வாங்க ஏறி வந்து நின்றாய். "வயசாயிடுச்சுன்னா வீட்டுல இருக்கணும். எதுக்கு வந்து என் உயிரை வாங்கறே?" என்றேன். நீ தண்ணீர் குடித்தாய். பாட்டிலை மூடினாய். "போலாம் வாடி" என்றாய். அவ்வளவுதான் நீ பேசினது.

அதற்கு அடுத்த மாதம் நீ இல்லை. அந்த வார்த்தையை நான் எங்கே போய்த் திரும்ப எடுப்பேன்? மூன்று கிலோ ஈரத்துணியைச் சுமந்துகொண்டு நின்றவளைப் பார்த்து, ஒரு கிலோகூடச் சுமக்காதவள் சொன்ன வார்த்தை அது. உன்னால் எப்படிச் சும்மா இருக்க முடிந்தது? பையைக் கழற்றி என் கையில் ஒரு தடவை கொடுத்திருந்தால் போதுமே. கணக்கு டீச்சருக்குப் பாதி எவ்வளவு என்று தெரியாதா?

கடை வாசலுக்கு வந்து மாமாவுக்குப் போன் போட்டேன். அக்காவுக்கு இந்தப் பாரம் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாம என்ன? கிளம்புற அன்னிக்கெல்லாம் கிச்சன் தராசுல வச்சு நிறுத்துப் பாப்பாளே. ஏம்மா?"

தராசில் பார்த்த எண்களைச் சொன்னேன். அதற்கு மாமா சொன்னார்.

"நானும் கேட்டிருக்கேன் ஜெசி, ஏன் உங்கிட்ட பாதியைக் குடுக்கறதில்லைன்னு. நீ முன்னாடி போயி எங்கயாவது உக்காந்துக்கிட்டு அவளைத் திட்டுவியாமே? 'அந்தச் சத்தம் கேட்டாத்தான் போற வழி சரின்னு எனக்குத் தெரியும், ஜெசிக்கும் பாரத்தை ஏத்திட்டா யாரு முன்னாடி போறது'ன்னு சொல்லுவா."

நடைபாதையில் நின்று அழுதேன், அக்கா. ஆட்டோக்காரர் ஒருவர் நிறுத்தி, எங்கே போகணும் என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். உன்னை அடக்கம் செய்த அன்றுகூட எனக்கு இப்படி அழுகை வரவில்லை. அன்றைக்கு எல்லாரையும் வரிசையில் நிற்கச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்ப உள்ளே போனேன். மூன்றாவது கூடாரத்துக்குள் படுத்துப் பார்த்தேன். பழக்கத்தில் வலது ஓரமாக ஒதுங்கிப் படுத்தேன். இடது கை துணியில் இடித்தது. அங்கே உனக்கு இடமே இல்லை. இது இத்தனை சின்னதாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கடைக்காரர் வெளியிலிருந்து, இரண்டாவதையே எடுத்துக்கொள்ளுங்கள் மேடம், உங்களுக்கு இது பாரம் என்றார். வேண்டாம், இதையே கட்டுங்கள் என்றேன்.

கடையிலிருந்து விவேக் நகர் வரைக்கும் அதை முதுகில் போட்டுக்கொண்டு நடந்தே வந்தேன். பஸ் நாலைந்து தாண்டிப் போயிற்று. பாதி வழியிலேயே தோள் பிடித்துக்கொண்டது. மூன்று இடத்தில் நின்றேன். இத்தனைக்கும் மேடு இல்லை, மழை இல்லை, மேலேயிருந்து என்னைத் திட்டுகிறவள் இல்லை. இந்தப் பாரத்தோடுதான் நீ ஒன்பது வருஷம் சிரித்துக்கொண்டே வந்தாயா?

நம் பழைய கூடாரத்தின் இரண்டு பாதியையும் ஒரே பையில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டேன். இனி அதைப் பிரிக்க மாட்டேன். ஜனவரிக்குள் என் தோளைப் பழக்கிக்கொள்வேன். பனியில் என் கூடாரத்தை முழுசாக நானே சுமப்பேன், உன் நடையிலேயே மெதுவாக ஏறுவேன், பின்தங்கி வருகிற யாரையும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். இது சத்தியம்.

ஒன்றே ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. இந்தத் தடவை நீ முன்னால் போய்விட்டாய். எங்கேயோ ஒரு பாறையில் உட்கார்ந்திருப்பாய். நான் போகிற வழி சரியா என்று எனக்கு எப்படித் தெரியும்? நீ யாரையும் திட்டிப் பழக்கமில்லாதவள். எனக்காக ஒரு தடவை சத்தமாகத் திட்டிவிடு, அக்கா.

பின்னால் வந்துகொண்டிருக்கும் உன் தங்கச்சி,
ஜெசி