சிம்சிமுக்குக் கவனம் போதவில்லை

ஏப்ரல் 5, சனி

இன்றும் மூன்று குழுக்கள். குழுவுக்கு எட்டுப் பேர். மூன்று முறையும் ஓம் விதியைச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. பொதுத்தேர்வுக்கு இன்னும் பத்து வாரம். மேல்நிலை மூன்றாமாண்டுப் பிள்ளைகள் இந்த மாதங்களில் பள்ளிக்கூடத்துப் பக்கமே தலைவைப்பதில்லை, காலையிலிருந்தே என் வீட்டுக் கூடத்தில்தான் இருக்கிறார்கள்.

மாலையில் கைபேசியைப் பார்த்தால் அம்மாக்கள் குழுவில் ஷாஹினாஸ் மேடத்தின் செய்தி. முராத்தின் அம்மா. மூன்று மாதத்தில் தன் மகன் மிஸ் தஹானியிடம், அதாவது என்னிடம், கற்றுக்கொண்டது நாய்க்கு வயிறு சொறிந்துவிடுவது மட்டும்தானாம். நாய் இருக்கும் வீட்டில் பையனுக்கு எப்படிக் கவனம் வரும் என்று கேட்டிருக்கிறாள். அதற்கு இருபத்தொரு கட்டைவிரல் குறிகள்.

சிம்சிம் என்ன செய்கிறான்? மேசைக்கடியில் படுத்துத் தூங்குகிறான். அவ்வளவுதான். முராத் காலால் சொறிந்தால் அது அவன் குற்றமா?

ஏப்ரல் 6, ஞாயிறு

என் அண்ணன் நஷாத்துக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. விடிந்ததும் போன் செய்து, நாயைக் கெய்ரோவுக்கு வெளியே பாலைவனச் சாலையில் இருக்கும் தன் தோட்டத்துக்கு அனுப்பிவிடச் சொன்னார். மாந்தோப்புக்குக் காவல் வேண்டுமாம். இரண்டாம் குழு அம்மாக்கள் ஏற்கெனவே மே முதல் வாரத்துக்குள் பதில் கேட்டிருக்கிறார்கள்: நாயா, பாடமா?

மூன்று வருடம் முன்பு, அம்மா போன அந்தக் குளிர்காலத்தில், காருக்கடியில் நனைந்து கிடந்தவன். எள்ளு நிறம், அரபியில் எள்ளு என்றால் சிம்சிம், அதுவே பெயர். ஐம்பத்தோரு வயதில் காலை ரொட்டியைப் பாதியாய்ப் பிய்த்துக்கொடுக்க எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

காவல் காப்பானாம். பால்காரரின் செருப்பைப் பார்த்தே கட்டிலுக்கடியில் போகிறவன்.

ஏப்ரல் 9, புதன்

புறநகரில் நாய்களுக்குப் பகல் காப்பகம் இருக்கிறது. காலையில் விட்டு மாலையில் கூட்டி வரலாம். போனேன். நடத்துகிறவர் பெயர் ஷாதி, எல்லாரும் கேப்டன் என்கிறார்கள். கழுத்தில் விசில், தோள் இரண்டும் பூசணிக்காய்.

சேர்க்கை நேர்காணல் எனக்கும் சேர்த்தாம். நான்கு பக்கப் படிவம். தடுப்பூசி அட்டை, குடற்புழு மருந்துச் சீட்டு, வீட்டு வாசனை உள்ள ஒரு விரிப்பு. பொம்மை கூடாது, சண்டை வரும். வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடிக்க வேண்டும். இதெல்லாம் நியாயம். மூன்றாம் பக்கத்தில் ‘தந்தையின் கல்வித் தகுதி’.

“நாய்க்கா, எனக்கா?” என்று கேட்டேன்.

“குடும்பத்துக்கு மேடம். வீட்டுச் சூழல் தெரியணும்ல?”

என் முதுகலைப் பட்டத்தை எழுதினேன். ‘இனம்’ என்ற இடத்தில் என்ன எழுதுவது? தெருநாய் என்று எழுத மனம் வரவில்லை. ‘கெய்ரோ’ என்று போட்டேன். கேப்டன் படித்துவிட்டு, தூய கெய்ரோவா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இரண்டு வாரம் சோதனைக் காலம். இருபத்துநாலாம் தேதி தேர்வு.

ஏப்ரல் 12, சனி

முதல் நாள். விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும் என்பது விதி. நீட்டி முழக்கி விடைபெற்றால் நாய் பயந்துவிடுமாம். மூன்று முறை திரும்பினேன். மூன்றாம் முறை கேப்டன் விசில் ஊதினார், எனக்குத்தான்.

மாலையில் முன்னேற்ற அறிக்கை கொடுத்தார்கள். உணவு: நன்று. நட்பு: மிக நன்று (வேலி வழியாக ஒவ்வொருவராய் மோந்து பார்த்து, ஒரு ஹஸ்கி நாயுடன் சிநேகம்). கட்டளை: சுமார். மதிய உறக்கம்: பூஜ்யம்.

மதியம் பன்னிரண்டிலிருந்து ஒரு மணிவரை எல்லா நாயும் விரிப்பில் படுக்க வேண்டும். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தூங்குகிறார், சத்தம் கேட்டால் காப்பகத்தையே மூடவைத்துவிடுவாராம். நம்ம ஆள் அந்த ஒரு மணி நேரமும் வானத்தைப் பார்த்து ஊளை.

“வீட்டுல மதியம் தூங்குவானா?”

“கல்லு மாதிரி தூங்குவான் கேப்டன். மேசைக்கடியில.”

மேசை ஒன்று போட்டுப் பார்ப்பதாகச் சொன்னார்.

இருபத்தாறு வருடத்தில் எத்தனை பூஜ்யம் போட்டிருப்பேன். கையில் வாங்குவது இப்படியிருக்கும் என்று தெரியாது.

ஏப்ரல் 13, ஞாயிறு

மேசை போட்டார்கள். மேசைமேல் ஏறி நின்று ஊளையிட்டானாம்.

ஏப்ரல் 16, புதன்

இன்று கேப்டன் என்னைத் தனியே அழைத்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார்.

“பையன் ரொம்பக் கெட்டிக்காரன் மேடம். கவனந்தான் பத்தல. வாரத்துக்கு ரெண்டு நாள் தனியா உக்காந்தா பிடிச்சுக்குவான்.”

அப்படியே என் வாக்கியம். தலைசாய்ப்பு உட்பட என்னுடையது! இந்த வாக்கியத்தால் அல்லவா நான் இந்த வீட்டுத் தவணையைக் கட்டி முடித்தேன். எத்தனை அம்மாக்களிடம் சொல்லியிருப்பேன். அந்த அம்மாக்கள் முகம் மாறுவதைப் பார்த்து, சரி, விழுந்தாச்சு என்று உள்ளுக்குள் எத்தனை முறை நினைத்திருப்பேன். முழுக்க முழுக்கத் தெரியும். சூத்திரம் தெரியும், விளைவு தெரியும்.

“எந்தெந்தக் கிழமை?” என்று கேட்டேன்.

ஏப்ரல் 19, சனி

கேப்டன் மாலையில் வீட்டுக்கு வந்து, படுக்கையறையில் சிம்சிமுக்குத் தனிப்பாடம் எடுத்தார். கூடத்தில் நான் கிர்ச்சாஃப் விதி நடத்திக்கொண்டிருந்தேன். சுவர் வழியாக “படு… படு… இல்ல, படு…” என்று கேட்டது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் பேச்சே இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தார். கண் சிவந்து, கன்னத்தில் தலையணைத் தையல் பதிந்திருந்தது. “மொத வகுப்புலயே தூங்கிட்டான் மேடம். என் முறை அப்படி” என்றார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளைகளைக் கொஞ்சம் சீக்கிரமே அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 23, புதன்

நாளை தேர்வு. அதற்காக இன்று ‘இறுதித் திருப்புதல்’ என்று பின்தங்கிய ஆறு நாய்களைச் சொந்தக்காரர்களோடு வரவழைத்தார் கேப்டன். கையேடும் உண்டு. அட்டையில் அவர் படம், உள்ளே ‘கண்டிப்பாக வரக்கூடிய சூழ்நிலைகள்’: பூனை கடந்தால், வாசல் மணி அடித்தால், பக்கத்து நாய் குறட்டை விட்டால். என் பக்கத்தில் ஒரு வங்கி மேலாளர் முக்கியமான வரிகளுக்கு மஞ்சள் மை பூசிக்கொண்டிருந்தார். நான் அவரிடம் பேனாவைக் கடன் வாங்கினேன்.

ஏப்ரல் 24, வியாழன்

பூனை வந்தது, பார்க்கவில்லை. மணி அடித்தது, அசையவில்லை. மதியம் பன்னிரண்டு அடித்தது. இவன் ஆரம்பித்தான், மற்ற நாய்கள் பதின்மூன்று பேரும் சேர்ந்துகொண்டார்கள். நீதிபதி இரவு உடையிலேயே வெளியே வந்து, சிம்சிமைக் காட்டி இது யாருடைய நாய் என்று கேட்டார்.

தோல்வி. இருபத்தொன்பதாம் தேதி மறுதேர்வு. அதுவே கடைசி.

ஏப்ரல் 25, வெள்ளி

அண்ணன் வந்தார். பையில் சங்கிலி. புதுசு. சிம்சிம் அதை மோந்து பார்த்துவிட்டு வாலாட்டினான்.

“நீளமான சங்கிலிதான், கவலப்படாத” என்றார்.

அவர் தேநீர் குடிக்கும்போது அளந்து பார்த்தேன். இரண்டரை மீட்டர். என் சோபாவே அதைவிட நீளம். வெயில்ல, ரெண்டரை மீட்டர்ல, யாரு இருக்கா அவனுக்கு அங்க? மாமரத்துக்கிட்டயா ரொட்டி வாங்கித் தின்பான்? முடியாது. முடியவே முடியாது. ஆனா இருபத்துநாலு பிள்ளைங்களையும் விட்டுட்டு நான் எதைத் தின்பேன்?

சங்கிலியை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். முதல் தேதி வந்து கூட்டிப்போவாராம்.

ஏப்ரல் 29, செவ்வாய்

இன்று மறுதேர்வு. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மதியக் குழு நடந்துகொண்டிருந்தது. காப்பகத்துக் கேமராவைக் கைபேசியில் பார்க்கலாம். தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து வைத்திருந்தேன். பன்னிரண்டுக்கு சிம்சிம் எழுந்தான், கழுத்தைத் தூக்கினான். பொறுக்கவில்லை. பழைய போனை எடுத்துக் கேப்டனை அழைத்தேன், ஒலியைக் கூட்டி அவன் பக்கத்தில் வையுங்கள், நான் பேசுகிறேன் என்றேன். “சிம்சிம், ராசா, படுடா” என்று எட்டுப் பிள்ளைகள் முன்னால் கெஞ்சினேன். இன்னும் பலமாக ஊளையிட்டான்.

அப்போது முராத் கையைத் தூக்கி, மின்சுற்றின் இரண்டாவது கண்ணியில் மின்னோட்டத்துக்கு ஏன் கழித்தல் குறி என்று கேட்டான். அழுகையும் கோபமும் முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் கேள்வி கேட்டால் பதில் சொல்லியாக வேண்டுமே. பலகைப் பக்கம் திரும்பினேன். போனை வைக்க மறந்துபோனேன்.

சந்திப்பில் நுழையும் மின்னோட்டத்தின் கூடுதல், வெளியேறுவதற்குச் சமம். அதிலிருந்து தொடங்கி இரண்டு கணக்குகள் போட்டேன். திரும்பினால் எட்டுப் பேரும் பலகையைப் பார்க்கவில்லை, பாட்டிலைப் பார்க்கிறார்கள்.

பதினான்கு நாய்கள். பதினான்கும் மல்லாந்தும் ஒருக்களித்தும் தூங்குகின்றன. நடுவில் சிம்சிம், நாலு காலும் மேலே. நாற்காலியில் கேப்டன், வாய் திறந்தபடி, விசில் தாடையில் தொங்க.

என்ன நினைப்பது என்றே தெரியவில்லை. சந்தோஷமா, அவமானமா? வீட்டில் அவனைத் தூங்கவைத்தது மேசை இல்லை, விரிப்பு இல்லை. நான்தான். இருபத்தாறு வருடமாக நான்தான்.

முராத் மெதுவாகச் சொன்னான்: “மிஸ், நாங்க எட்டு பேரும் முழிச்சுதான் இருந்தோம்.”

ஏப்ரல் 30, புதன்

தேர்ச்சி. அண்ணனுக்குச் சொல்லிவிட்டேன். நாளை வரமாட்டார்.

கேப்டன் ஒரு நிபந்தனை போட்டார்: என் பாடம் பதிவாக வேண்டும், தினமும் பன்னிரண்டுக்கு ஓடவேண்டும். அது நின்றால் சிம்சிம் அங்கே இருக்க முடியாது. நீதிபதியே நேற்று அசந்து தூங்கினாராம்.

மே 2, வெள்ளி

முதல் அத்தியாயம் முழுவதையும் பதிவு செய்தேன். எதிரே சிம்சிம் குறட்டை. பதிவிலும் விழுந்திருக்கும்.

மே 5, திங்கள்

மூன்றாம் அத்தியாயமும் அனுப்பியிருந்தேன். மின்காந்தத் தூண்டல் தொடங்கியதும் நாய்கள் விழித்துக்கொள்கின்றன, அது வேண்டாம் என்றார் கேப்டன். ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பாடம் எனக்கே கொஞ்சம் தடுமாற்றம்.

மே 7, புதன்

போச்சு. எல்லாம் போச்சு.

கேப்டன் தன் காப்பகப் பக்கத்தில் இரண்டு நிமிட வீடியோ போட்டிருக்கிறார். தூங்கும் நாய்கள், பின்னணியில் என் குரல். ‘அனுபவமிக்க ஆசிரியையின் இயற்பியல் உறக்கம்’ என்று தலைப்பு. மத்தியானத்துக்குள் அம்மாக்கள் குழுவில் வந்துவிட்டது. இந்த வருடம் நாய்கள்தான் முதல் மதிப்பெண் வாங்கும் என்று ஒருத்தி. இரவுக்குள் ஐந்து பிள்ளைகள் நின்றுவிட்டார்கள்.

கேப்டனைக் கூப்பிட்டுக் கத்தினேன். வீடியோவை நீக்கிவிட்டார். பதிவையும் நிறுத்திவிடவா என்று கேட்டார், பயந்துபோய்த்தான் கேட்டார். நிறுத்தச் சொன்னால் என் பெயர் கொஞ்சமாவது மிஞ்சும். அலமாரியில் அந்தச் சங்கிலி இருக்கிறது.

ஓடட்டும் என்றேன்.

மே 11, ஞாயிறு

ஷாஹினாஸ் மேடம் முராத்தையும் நிறுத்தப் பார்த்தாளாம். அவன் அசையவில்லை. கழித்தல் குறி இப்போதுதான் புரிந்தது என்றானாம்.

மே 20, செவ்வாய்

மாலையில் போன். ஷாஹினாஸ் மேடம். எப்போதும் குழுவில் அதட்டும் குரல், இன்று கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. தேர்வு நெருங்க நெருங்கப் பையன் நன்றாகத் தூங்குகிறான், இவள் தூங்கி மூன்று வாரம் ஆகிறதாம். மாத்திரைக்கும் மசியவில்லை.

“அந்த வீடியோவப் பாத்தேன் மிஸ். சண்டை போடறதுக்காகத்தான் திரும்பத் திரும்பப் பாத்தேன். கண்ணு சொருகிடுச்சு. ஆனா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுடுது.” “முழுசா கெடைக்குமா?”

“அது நாய்ங்களுக்குப் பதிவு பண்ணுனது மேடம்.”

“பரவால்ல மிஸ்.”

திட்டலாம் என்றுதான் இருந்தேன். எத்தனையோ வாக்கியம் தயாராக இருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு, பதிவில் அத்தனை பலன் இருக்காது, சனிக்கிழமை மதியக் குழுவுக்கு நேரே வந்து உட்காருங்கள் என்றேன். ஆனால் அன்று சிம்சிம் வீட்டில் இருப்பான் என்றும் சொன்னேன்.

இருக்கட்டும் என்றாள்.

மே 24, சனி

வந்தாள். சோபா ஓரத்தில், கைப்பை மடியில், முதுகு நேராக. முராத் தன் அம்மாவைத் தெரியாதவன்போல் ஜன்னலைப் பார்த்தான். சிம்சிம் அவள் காலணியை மோந்தான். அவள் கால்களை இழுத்துக்கொண்டாள். அவன் அந்தக் காலடியிலேயே படுத்துக்கொண்டான்.

ஓம் விதியில் தொடங்கி, கிர்ச்சாஃபுக்கு வந்தேன். பதினைந்தாவது நிமிடம் கைப்பை நழுவியது. சிம்சிமின் தாடை அவள் பாதத்தின்மேல், அவள் தலை சோபாவின் தோளில்.

பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். குரலைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தினால் இரண்டு பேரும் விழித்துக்கொள்வார்கள். ஒரு மணிக்கு வகுப்பை முடிக்க வேண்டும். மூன்று கணக்குகள் கூடுதலாகப் போட்டேன்.