வாபஸ் வாங்கிய சாபம்

மனுதாரர்: ஆரணியை அடுத்த சேவூர், பட்டு நெசவு அய்யாக்கண்ணு.
மனு சேரும் சமுகம்: வடஆற்காடு ஜில்லா மாஜிஸ்திரேட் துரையவர்கள், சித்தூர்.
விஷயம்: சர்க்கார் உத்தியோகஸ்தரை மிரட்டியதாக என் மனைவி பொன்னியம்மாளுக்கு விதித்த மூன்று மாதக் கடுங்காவலை ரத்து செய்யக் கோரி.

கனம் பொருந்திய துரையவர்களே,

1. சென்ற ஆனி மாதம் ஒரு காலையில், தெருவின் நீளத்துக்குப் பட்டு இழைகளை இழுத்துக் கட்டிப் பாவு போட்டிருந்தோம். குதிரையில் வந்த ரெவினியூ இன்ஸ்பெக்டர் உடனே வழிவிடச் சொன்னார். அவசரத்தில் சுருட்டினால் இழை முழுதும் சிக்காகிவிடும். சற்றுப் பொறுக்கும்படி கும்பிட்டுக் கேட்டோம். அவர் இறங்கி, தம் கையாலேயே கத்தியால் இழைகளை அறுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

2. பொன்னியம்மாள் தெரு மண்ணை வாரித் தூற்றி, “எங்க வயித்துல அடிச்ச கை வெளங்காம பூடும், அம்மா ரேணுகாம்பா, நீயே கேளு” என்றாள். வக்கீல் வைக்க வகையில்லாதவர்களுக்கு அதுதான் பிராது.

3. அடுத்த வாரம் களம்பூர் சாலையில் குதிரை இடறி, அவருக்கு அந்தக் கையே முறிந்தது. குதிரை இடறியதற்கு நாங்கள் ஜவாப்தாரிகள் அல்ல.

4. அவருடைய தாயார் எங்கள் வீடு தேடி வந்து, சாபத்தை எடுத்துவிடும்படி அழுதார். பெற்றவள் அழுவதை என் மனைவியால் பார்க்க முடியவில்லை. அன்றே அம்மன் சந்நிதியில், அதே தெரு மண்ணை மஞ்சள் தண்ணீரில் கரைத்து ஊற்றி, “சொன்னத திரும்ப வாங்கிக்கினேன், அவரு நல்லா இருக்கட்டும்” என்றாள். எங்கள் வழக்கம் அது.

5. தாயாரோடு வந்த சேவகர் இதைக் கோர்ட்டில் சாட்சியாகச் சொன்னார். திரும்ப வாங்கியவள் முதலில் மிரட்டியது மெய்தானே என்று சப் மாஜிஸ்திரேட் தண்டித்துவிட்டார். அவள் சாபமிட்டதாகத் தெருவார் ஒருவரும் சாட்சி சொல்லவில்லை. அவள் கல் நெஞ்சோடு இருந்திருந்தால் வழக்கே நின்றிராது. இரங்கினதற்கு ஜெயில் என்றால் நான் யாரிடம் போய் அழுவேன்?

6. ஜெயிலில் அவளைப் பார்த்தேன். கோவில் குங்குமத்தை நீட்டினேன், வாங்கவில்லை. அம்மன் பெயரைச் சொல்லவே பயப்படுகிறாள். அதையும் மிரட்டல் என்று எழுதிக்கொள்வார்களாம்.

ஆகையால் தண்டனையை ரத்து செய்து அவளை வீட்டுக்கு அனுப்பி வைக்கும்படி மிகவும் வேண்டுகிறேன். சட்டம் தெரிந்தவர்களிடம் படித்துக் காட்டிய பிறகே இம்மனுவை அனுப்புகிறேன். அப்படியும் ஏதேனும் ஒரு வார்த்தை மிரட்டலாகத் தோன்றினால், துரையவர்கள் அதை அடித்துவிட்டு மற்றதைப் படிக்க வேண்டும். என்னையும் பிடித்துப் போட்டால் எங்கள் குழந்தைக்குக் கஞ்சி ஊற்ற ஆளில்லை.

சேவூர்,
1893 ஆகஸ்டு 14.

தங்கள் உத்தரவுக்குக் காத்து நிற்கும்,
அய்யாக்கண்ணு (கையொப்பம்)