மூன்றாவது ஆள்

ஆகஸ்ட் 3, சனி
இன்றும் இரண்டாவது. ரோக்ஸேன் எங்கள் பி.எம்.எக்ஸ். சைக்கிள் பந்தயத் தடத்துக்கு வந்த நாளிலிருந்து நான் முதலாவதாக வந்ததே இல்லை. தொடக்க மேட்டில் கேட்டை இறக்கிப் பந்தயத்தைத் தொடங்கிவைப்பது என் புருஷன் வேட். வீட்டுக்கு வந்தும் அவள் புராணம்தான். "கேட் விழுந்த சத்தம் அடங்கறதுக்குள்ள பாதிச் சரிவு எறங்கிட்டா, பாத்தியா?"
பார்த்தேன். வாரா வாரம் அவள் முதுகைத்தானே பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 17
பாதாம் அறுவடைத் தூசி, கண் எரிகிறது. ரோக்ஸேன் ட்ரை-டிப் மாட்டிறைச்சி சுட்டுக் கொண்டுவந்து எல்லோருக்கும் ரொட்டியில் வைத்துக் கொடுத்தாள். வேட் இரண்டு தின்றான். நான் பசியில்லை என்றேன். பசியில் உயிர் போனது.

ஆகஸ்ட் 31
பயிற்சியில் இரண்டாம் வளைவில் ரோக்ஸேன் விழுந்துவிட்டாள். தோள்பட்டை எலும்பில் கீறல். முதலில் ஓடிப்போய்த் தூக்கியது நான்தான். ஆனால் உள்ளே ஜில்லென்று இருந்ததே — சீ, என்ன பிறவி நான்?

செப்டம்பர் 2
எங்களோடு ஓடும் ட்ரூடி போன் செய்தாள். "ரொம்பக் குதிக்காதடி லோர்னா. மூணு பேர் இல்லன்னா நம்ம பிரிவே கிடையாது. நாம ரெண்டு பேரு ஓடி என்ன, புள்ளி எழுத மாட்டாங்க."
மறந்தே போனேன். நாற்பதை நெருங்கிய பிறகும் சைக்கிளில் மண்மேடு தாண்டும் பெண்கள் இங்கே நாங்கள் மூவர்தான். பதினான்காம் தேதி கடைசிப் பந்தயம். புள்ளியில் ரோக்ஸேன் கொஞ்சம்தான் முன்னால். பந்தயம் நடந்து நான் ஜெயித்தால் சைக்கிளில் மாட்டிக்கொள்ளும் மாவட்டத்தின் ஒன்றாம் எண் பலகை எனக்கு. நடக்காவிட்டால், கட்டிலில் படுத்தபடியே அவளுக்கு.

செப்டம்பர் 11
வேட் சொல்கிறான்: "அவளக் கூப்ட்டுக் கேளேன். கேட் விழுந்ததும் சைக்கிள்ல மெல்ல உருண்டு கோட்டத் தாண்டினா போதும், ஓடினதாக் கணக்கு."
தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள எவள் வருவாள்? நானாக இருந்தால் போனையே எடுக்க மாட்டேன்.
கேட்கவில்லை. இவளிடம் போய்க் கெஞ்சுவதா?

செப்டம்பர் 14
வந்தாள். யாரும் கேட்காமலே. பெயர் கொடுத்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள். "வீட்ல படுத்துக்கிட்டே பலகை வாங்குறதா? வெக்கமா இருக்கு. நீ ஓடு, நான் பின்னாலயே உருண்டு வரேன்." கைக்கட்டை அவிழ்த்து ட்ரூடியிடம் கொடுத்தாள்.
ஜெயித்தேன். திரும்பிப் பார்த்தால் ஒரு ஆள்கூட என்னைப் பார்க்கவில்லை. அவள் நடை வேகத்தில் கடைசி மேட்டில் ஏறிக்கொண்டிருந்தாள். மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று கைதட்டியது. வேட் விசிலடித்தான், என் வேட்.
பலகை எனக்கு, பேர் அவளுக்கு. இதிலும் என்னை முந்திவிட்டாள், பாவி.

மார்ச் 22
புது சீசன் பந்தயம், எனக்கோ காய்ச்சல். இருமி இருமி விலா வலிக்கிறது. காலையில் ரோக்ஸேன் தடத்திலிருந்து போனில் கூப்பிட்டாள். "நானும் ட்ரூடியும் மட்டுந்தான் வந்திருக்கோம். முடியலன்னா விடு லோர்னா, பரவால்ல."
மூன்றாவது ஆளாக நான் போனால் முழுப் புள்ளியும் அவளுக்குத்தான் போகும். "இந்த ஒடம்போட போறியா? பைத்தியமா ஒனக்கு?" என்கிறான் வேட்.
ஹெல்மெட்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கடைசி ஆளாக உருண்டு வந்தால் எனக்கும் எழுந்து நின்று கைதட்டுகிறார்களா, பார்க்கிறேன்.