கோப்பி ஆறட்டும்

ஜூலை 7, திங்கள்
காலையிலிருந்தே புழுக்கம். முட்டித் தைலம் தீர்ந்துவிட்டது.

பக்கத்து வீட்டு ரீமா ஆங்கிலம் படிக்க வந்தார். பாலஸ்தீனத்திலிருந்து மலேசியாவுக்கு வந்தவர். ஊரில் கணக்கு டீச்சர். சுலபமான கேள்விக்கும் "எனக்கு மூளை இல்ல டீச்சர்" என்கிறார். அவர் கணவர் சமீரின் வசனம் அது. நேற்று லிஃப்டில் ரீமாவை வைத்துக்கொண்டே என்னிடம் சிரித்தபடி: "இந்தக் கழுதைக்கா பாடம் நடத்துறீங்க?" நானும் சிரித்துவைத்தேன். வெட்கம்.

நான் டீச்சராக இருந்தபோது வகுப்பில் பார்த்ததுதான். தினமும் 'மக்கு' என்று கேட்கும் பிள்ளை, விடை தெரிந்தாலும் வாய் திறக்காது. என் வீட்டுக்காரர் மட்டும் என்ன? விருந்தாளி முன்னால் என்னை 'மண்டு' என்பார். இருபது வருடம். அதையும் பாசம் என்று நினைத்தேன்.

ஜூலை 9, புதன்
மழை. தைலம் இன்னும் வாங்கவில்லை.

மேல்மாடி கமலாவிடம் சொன்னேன். "கை நீட்டலைதானே டீச்சர்? புருஷன் பொண்டாட்டி பேச்சு லா. நமக்கு எதுக்கு?"
"அடிச்சாத்தான் கணக்கா?"
இடியப்பம் கொடுத்தனுப்பினார்.

மாலை ரீமா வந்தார். கிள்ளானில் இருக்கும் தாய்மாமாவைச் சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறாராம். சமீர் திட்டுவதை நிறுத்தாவிட்டால் மகளோடு மாமா வீட்டுக்கு. "நீங்களும் வாங்க டீச்சர். லிஃப்டில அவர் சொன்னதைக் கேட்டது நீங்கதான்." வருகிறேன் என்றேன்.

ஜூலை 12, சனி
ரீமா வீட்டில் கோப்பி. சின்னக் கோப்பை, ஏலக்காய் வாசம். வாய் வரை கொண்டுபோய்விட்டேன். மாமா கைகாட்டித் தடுத்தார். யாரும் தொடவில்லை. அவர்கள் ஊர் வழக்கமாம்: பெண் கேட்கவோ சமாதானம் பேசவோ வந்தவர்கள், கேட்டது கிடைக்கும்வரை கோப்பி குடிக்கமாட்டார்கள். கேட்பது குடும்பத்துப் பெரிய ஆண்.

மாமா பேசவில்லை. ரீமா எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்தார். சொந்த வீட்டில் விருந்தாளியாக! எனக்காக ஆங்கிலத்தில்:
"கேட்கிறது நான். இனிமே என்னைத் திட்டக் கூடாது. வீட்டிலயும், வெளியிலயும். முடியாதுன்னா இப்பவே கிளம்புறேன்."
வாசலில் பெட்டி.
சமீர் சிரித்தார். "விளையாட்டுக்குச் சொல்றது. குடிங்க, ஆறிடும்."
"ஆறட்டும்."
நான் சொன்னேன்: "லிஃப்டில நான் சிரிச்சது தப்பு. அது விளையாட்டு இல்ல, சமீர்."
கால் மணி நேரம். ஆவி நின்றது. அடியில் மண்டி படிந்தது.
சமீர் மாமாவைப் பார்த்து, "சரி, சொல்லமாட்டேன்."
"அவர்கிட்ட இல்ல. என்கிட்ட."
திரும்பினார். "ரீமா, இனிமே சொல்லமாட்டேன். சொன்னதெல்லாம் தப்பு."
ரீமாதான் முதலில் குடித்தார். பிறகு நாங்கள். பச்சைத் தண்ணீராய் ஆறிப்போய், ஒரே கசப்பு. அப்படி ஒரு கோப்பி நான் குடித்ததில்லை!
சூடாக இன்னொரு தடவை போடச் சமீர் எழுந்து போனார். ரீமா எழவில்லை.