பட்டினப்பாக்கம் பேருந்து நிலையம் அருகே புண்ணுக்குக் கட்டுப்போட மீண்டும் இடம் கேட்டு

அனுப்புநர்:
பாஞ்சாலி, க/பெ கபாலி,
மீன் வியாபாரம்,
பட்டினப்பாக்கம், சென்னை.

பெறுநர்:
உயர்திரு பொது இட அனுமதி அலுவலர் அவர்கள்,
பகுதி அலுவலகம், சென்னை.

பொருள்: கன்னியர் நடத்திய இலவசக் கட்டுப்போடும் இடத்தைத் திரும்பத் திறப்பதும், என் கணவரைத் தாங்கள் நேரில் காண்பதும் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பத்தாவது வரை படித்தவள். இந்த மனுவை நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

2. என் கணவருக்குச் சர்க்கரை நோயால் இடது காலில் ஆறாத புண். ஆதம்பாக்கம் கன்னியர் இல்லத்துச் சிஸ்டர் தங்கபுஷ்பம் ஞாயிறு தவிர தினமும் காலையில் வேனில் வந்து, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பெஞ்சு போட்டு, என் கணவர் போன்றவர்களுக்குக் கட்டு மாற்றுவார். பெற்ற பிள்ளைகளே மூக்கைப் பொத்திக்கொள்ளும் புண்களை அவர் முகம் சுளிக்காமல் துடைத்தார்.

3. மருந்தில் நனைத்த துணியைப் புண்ணின்மேல் சற்று நேரம் வைத்திருக்க வேண்டும். கையுறை போட்ட கையால் கடிகாரத்தை எடுத்துப் பார்க்க முடியாதென்பதால், சிஸ்டர் தம் ஜெபத்தை மூன்று முறை முணுமுணுப்பார். முடிந்தால் துணியை எடுக்கும் நேரம். கேட்டுக் கேட்டு என் கணவருக்கும் அது மனப்பாடமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் கட்டு மாற்றும்போது, முண்டகக்கண்ணி அம்மன் படத்துக்குக் கீழே உட்கார்ந்து அவரே சொல்லுவார். குடை ரிப்பேர் செய்யும் மெஹபூப் அலி பாயும் அந்த பெஞ்சுக்கு வருவார். அவர் தமக்குத் தெரிந்த துஆவைச் சொல்லி நேரம் பார்ப்பார். யாருடையது முதலில் முடிகிறதென்று பார்த்துச் சிஸ்டர் சிரிப்பார்.

4. அங்கே மதமாற்றம் நடப்பதாக யாரோ புகார் கொடுத்ததால், தங்கள் அலுவலகத்திலிருந்து விசாரிக்க வந்தார்கள். இங்கே என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று என் கணவரைக் கேட்டார்கள். சிஸ்டருக்கு நல்ல பெயர் வரட்டும் என்று நினைத்து, "ஒரு எழுத்து தப்பாம சொல்றேன், கேளு சார்" என்று முழு ஜெபத்தையும் ஒப்பித்துவிட்டார். அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டார்கள். மறுநாள் பெஞ்சைத் தூக்கிவிட்டார்கள்.

ஐயா, அவர் மதம் மாறவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் கத்தியும் பீடியை விடாத மனிதர், ஒரு ஜெபத்துக்கா மாறிவிடுவார்?

5. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். போனோம். தினமும் கட்டு மாற்ற வேண்டிய புண்ணுக்கு அங்கே வாரம் ஒரு நாள்தான் முறை வந்தது. ஆதம்பாக்கத்துக்கு வரச்சொல்லி சிஸ்டர் ஆள் அனுப்பினார். நான் ஆட்டோ பிடித்து என் கணவரை எப்போதாவது கூட்டிப்போனேன். மெஹபூப் அலி பாய்க்குத் துணை யாருமில்லை. மழைக்காலத்தில் புண் அழுகி, காய்ச்சல் கண்டு, போன மாதம் இறந்துவிட்டார். அடக்கத்துக்குச் சிஸ்டர் வந்து, கபரஸ்தான் வாசலிலேயே நின்று அழுதுவிட்டுப் போனார்.

6. அன்றிலிருந்து என் கணவர் தம் கட்டை யாரையும் தொட விடுவதில்லை. "என் வாயாலதான் பாய் பூட்டாரு. எனக்கு இன்னாத்துக்கு கட்டு?" என்கிறார். சிஸ்டரே வீட்டுக்கு வந்து கெஞ்சியும் காலை நீட்டவில்லை. வலது காலிலும் இப்போது புண் வந்துவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது.

7. ஆகவே அந்த பெஞ்சுக்குத் திரும்ப அனுமதி தர வேண்டுகிறேன். ஆனால் உத்தரவு தபாலில் மட்டும் வந்தால் போதாது, ஐயா. நாங்கள் சொல்வதை அவர் நம்பமாட்டார். தாங்களோ, அன்று விசாரித்தவரோ வீட்டுக்கு வந்து, பெஞ்சை எடுத்தது நாங்கள்தான், நீ இல்லை என்று அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கும்வரை நான் துணியை நனைத்து வைத்துக்கொண்டு பக்கத்திலேயே இருப்பேன்.

இடம்: பட்டினப்பாக்கம்
நாள்: 18.12.2024

தங்கள் வருகைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) பாஞ்சாலி